டவாலி தீர்த்தகிரி கூப்பிடாத பெயர்

சேலம் ஜில்லாவில் ஒரு முன்சீப் கோர்ட்டு. எந்த ஊர் என்பது வேண்டாம். எல்லா ஊரிலும் கோர்ட்டு ஒரே மாதிரிதான் இருக்கிறது: சுண்ணாம்புச் சுவர், நீள வராந்தா, எதிரே ஒரு புளியமரம், அதன் அடியில் பாதி ஆயுளைத் தொலைத்துவிட்டு மீதியையும் தொலைக்க வந்திருக்கும் ஜனங்கள். அந்தக் கோர்ட்டின் வாசற்படியில் பதின்மூன்று வருஷம் நின்றவன் தீர்த்தகிரி. வெள்ளைச் சட்டை, தலைப்பாகை, தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டை, பட்டையின் நடுவில் பித்தளை வில்லை. அந்தப் பட்டைக்குத்தான் டவாலி என்று பெயர். நாளடைவில் பட்டையின் பெயர் ஆளுக்கே ஆகிவிட்டது. தீர்த்தகிரி என்றால் யாருக்கும் தெரியாது, டவாலி என்றால் தெரியாதவர் கிடையாது.

அவன் வேலை கூப்பிடுவது. உள்ளே பெஞ்சு குமாஸ்தா அப்புசாமி வழக்குக் கட்டைப் பிரித்துப் பெயரைச் சொல்வார். தீர்த்தகிரி வாசற்படிக்கு வந்து, ஒரு கையால் வில்லையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்றாவது கூப்பாட்டுக்குள் வந்து சேராதவன் வராதவன்தான். வாதி வராவிட்டால் பிராது தள்ளுபடி, பிரதிவாதி வராவிட்டால் அவன் இல்லாமலே அவன்மேல் தீர்ப்பு. இப்படிப் பார்த்தால் முன்சீப்பின் பேனாவுக்கு முந்தி நிற்பது தீர்த்தகிரியின் தொண்டை. சின்ன வயதில் கம்பங்காட்டுப் பரண்மேல் நின்று குருவி ஓட்டிப் பழகிய தொண்டை அது. சந்தைப்பேட்டையில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருப்பவன் காதிலும் போய் விழும்.

கூப்பிடுகிற நேரம் போக மற்ற நேரத்தில் அவன் வாசலைக் காத்தான். குடையை மடக்கு, செருப்பைக் கழற்று, கூண்டில் ஏறினால் கையைக் கட்டிக்கொள், வக்கீல் கேட்டதற்கு மட்டும் பதில் சொல், உன் பாட்டன் கதையெல்லாம் எடுக்காதே என்று ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். எலுமிச்சம்பழமோ நாலு கத்தரிக்காயோ நீட்டினால் வாங்கிக்கொள்வான். நீட்டாதவனையும் உள்ளே விடுவான். அந்த ஊர் உத்தியோகஸ்தர்களோடு ஒப்பிட்டால் அவனை மகான் என்றே சொல்ல வேண்டும்.

கோர்ட்டு கூப்பிடும்போது யாரும் அவர் இவர் இல்லை, வெறும் பெயர்தான். பட்டக்காரரானாலும் பண்டாரமானாலும் ஒரே கூப்பாடு. தீர்த்தகிரி மிட்டாதார் பெயரைக் கூப்பிட்டிருக்கிறான், மடத்துச் சாமியார் பெயரைக் கூப்பிட்டிருக்கிறான். பதின்மூன்று வருஷத்தில் ஒரே ஒருவர் பெயரை மட்டும் அவன் கூப்பிட்டதில்லை. அவனுடைய பண்ணையக்காரர் சின்னண்ண கவுண்டர்.

கோர்ட்டிலிருந்து ஐந்து மைலில், மோகனூர்ப் பக்கம், கவுண்டரின் பண்ணையம். தீர்த்தகிரியின் பாட்டனும் அப்பனும் அந்தக் காட்டில்தான் உழுது, அந்தக் காட்டில்தான் புதைந்தார்கள். அவன் பெண்டாட்டி சாலம்மாள் அங்கேதான் களை எடுத்தாள். குடிசை கவுண்டருடைய காட்டோரத்தில். விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டிருந்த அரை ஏக்கர் சோளக்காடும் அவருடையது. மூன்று தலைமுறையில் அவன் குடும்பத்தில் ஒருவரும் கவுண்டர் வீட்டு ஆண்களின் பெயரை வாயால் சொன்னதில்லை. நேரில் சாமி, முதுகுக்குப் பின்னால் பண்ணையக்காரர். தெருவில் ஒருவனுக்குக் குலதெய்வ வழக்கப்படி சின்னண்ணன் என்று பெயர் வைத்துத் தொலைத்துவிட்டார்கள். பாவம், அவன் சாகிற வரைக்கும் மொட்டையன் என்றே கூப்பிடப்பட்டான், தலை நிறைய மயிரை வைத்துக்கொண்டு.

கோர்ட்டு வேலையையும் கவுண்டர்தான் வாங்கிக்கொடுத்தார். இருபத்து நாலாம் வருஷம் பழைய டவாலி பேதியில் போய்விட, கவுண்டர் தம் வக்கீலிடம் ஒரு வார்த்தை சொன்னார். "நம்ம ஆளு ஒருத்தன் அந்த வாசல்ல கெடக்கட்டும்" என்பது அவர் எண்ணம். வழக்கில்லாத கவுண்டர் அந்தச் சீமையில் ஏது? சின்னண்ண கவுண்டருக்கு வருஷத்துக்கு இரண்டாவது இருக்கும்.

அவர் வழக்கு வருகிற நாளில் தீர்த்தகிரி ஒரு ஏற்பாடு வைத்திருந்தான். குமாஸ்தா பெயரைச் சொன்னதும் வாசலுக்கு வருவான், கூப்பிட மாட்டான். படியிறங்கிப் புளியமரத்துக்கு ஓடி, கவுண்டருக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்து, "சாமிங்க, உள்ளே கேக்கறாங்க" என்பான். கவுண்டர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு வருவார். முன்சீப் எவரும் இதைக் கவனித்ததில்லை. ஆள் வந்தால் சரி, எப்படி வந்தான் என்று எந்தச் சட்டம் கேட்கிறது? பதின்மூன்று வருஷம் இது பிசகாமல் நடந்தது.

முப்பத்தேழாம் வருஷம் ஆடி மாதம் பிசகியது. கவுண்டருக்கும் அவர் பங்காளி மயில்சாமிக் கவுண்டருக்கும் ஒரு பொதுக்கிணறு. வாரத்தில் எந்த நாள் யார் மாடு கட்டிக் கவலை ஏற்றம் பூட்டி இறைப்பது என்று வழக்கு. மயில்சாமி வாதி, நம் கவுண்டர் பிரதிவாதி. அன்று கவுண்டரின் வக்கீல் சேலத்துக்குப் போயிருந்தார். கூப்பிட்டதும் உள்ளே போய் ஒரு வாய்தா மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கவுண்டரும் விடிந்ததும் வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்தார். பன்னிரண்டு மணிக்கு யாரோ ரோட்டுக்கு அந்தப்புறம் ஒரு ஜோடி காங்கேயம் காளை நிற்கிறது என்றார்கள். காளை என்றால் கவுண்டருக்குக் கண்மண் தெரியாது. பல்லைப் பிடித்துப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து வழக்கு வந்தது. தீர்த்தகிரி படிக்கு வந்தான். மரத்தடியில் அவர் இல்லை. ஸ்டாம்பு விற்கிறவர் கொட்டகைக்கு ஓடினான், காப்பிக் கிளப்புக்கு ஓடினான், கிணற்றடிக்கு ஓடினான். இல்லை. மறுபடி படிக்கு வந்து வில்லையைப் பிடித்தான். ஒரே ஒரு கூப்பாடு போதும், ரோட்டைத் தாண்டிக் கேட்டிருக்கும். வாயைத் திறந்தான். மற்றவர்களுக்கெல்லாம் மடமடவென்று வருகிற பெயர் தொண்டைக்குழியில் வந்து நின்றுகொண்டது. அப்பன் முகம் நினைவுக்கு வந்தது.  வாயை மூடிக்கொண்டான்.

உள்ளே புது முன்சீப். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர்.

"மூன்று தடவை கூப்பிட்டாயா?"

"கூப்பிட்டேனுங்க எசமான்."

பதின்மூன்று வருஷமாக அந்தக் கேள்விக்குச் சொல்லிவந்த பதில் அது. யோசிக்கும் முன்பே வாயிலிருந்து விழுந்துவிட்டது.  முன்சீப் இரண்டு வரி எழுதினார். ஐந்து நாள் மயில்சாமிக்கு, இரண்டு நாள் சின்னண்ணனுக்கு.

காளையை விலை பேசி முடிக்காமல் கவுண்டர் திரும்பி வந்தார். "ஏண்டா, நம்முளது வந்துச்சா?" என்று கேட்டார். தீர்த்தகிரி அவர் காலடியில் உட்கார்ந்து அழுதான்.

தீர்ப்பை நீக்கச் சொல்லி மனுப் போடலாம் என்றார் வக்கீல். கூப்பிட்டால் கேட்கிற தூரத்திலேயே இருந்தேன், என் பெயரைக் கூப்பிடவில்லை என்று கவுண்டர் சத்தியம் செய்ய வேண்டும். ஆமாம், கூப்பிடவில்லை என்று டவாலி கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். கவுண்டர் தீர்த்தகிரியைக் களத்துமேட்டுக்கு வரச்சொன்னார்.

"கூப்புடலீன்னு சொல்லிப்போடோணும். தெரிஞ்சுதா?"

"சொல்றனுங்க சாமி. ஆனா உத்தியோகம் போயிருமுங்க. அன்னிக்குக் கூப்புட்டேன்னு எசமாங்கிட்டச் சொல்லிப்புட்டனுங்க."

"போனாப் போகுது போ. என்ர பண்ணையத்துல உனக்கு வேலையில்லாத போயிருமா? குடியிருக்க ஊடு இருக்குது, காடு இருக்குது. கெணத்துத் தண்ணி போச்சுன்னா எல்லாருக்குந்தாண்டா போச்சு, உன்ர சோளத்துக்கும் சேர்த்து."

குமாஸ்தா அப்புசாமி நல்ல மனிதர். அவர் வேறு மாதிரி சொன்னார். "கூப்பிட்டேன்னே சொல்லிடு. அந்த வார்த்தையை மாத்தினா கோர்ட்டுல பொய் சொன்னவன் ஆயிடுவே. புது எசமான் ஒரு நிமிஷம் வெச்சிருக்க மாட்டார். இன்னும் பத்து வருஷம் நின்னா உனக்கு ஏதோ பென்ஷன் வரும். கவுண்டருக்கென்ன, மேல்கோர்ட்டுக்குப் போய்க்கட்டும்."

வாசலா வீடா என்பதுதான் விஷயம். இரண்டில் ஒன்றை விட்டால் ஒன்று நிற்கும். தீர்த்தகிரி சாலம்மாளிடம் கேட்டான். கல்யாணத்துக்கு நிற்கும் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு அவள் அதிகம் யோசிக்கவில்லை.

"ஏனுங்க, ஊடு இருந்தா கூழோ தண்ணியோ குடிச்சுக்கலாம். ஊடில்லாத அந்தப் பித்தளையை நக்கியா பொழைக்கறது? நெசத்தையே சொல்லிப்போட்டு வாங்க."

உண்மையும் பண்ணையக்காரர் விருப்பமும் ஒரே பக்கம் இருப்பது அவன் வாழ்க்கையில் அபூர்வம். அதுவே அவனுக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்தது. வேலை போகும், வீடு நிற்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு விசாரணை நாளுக்குப் போனான். அன்று அவனுக்கு டவாலி இல்லை. கோர்ட்டு அமீனா ஒருவர் கூப்பிட, அவன் வெறுஞ்சட்டையோடு கூண்டில் ஏறினான். தோள் லேசாக இருந்தது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

"கூப்பிடலீங்க எசமான்" என்றான். "அன்னிக்குச் சொன்னது பொய்யிங்க."

முன்சீப்பின் முகம் கறுத்தது. ஆனால் எழுதிக்கொண்டார். கவுண்டரின் வக்கீல் திருப்தியோடு உட்கார்ந்தார். மயில்சாமியின் வக்கீல் எழுந்தார். கும்பகோணம் வெற்றிலை போட்டுக்கொண்டு கழுத்தறுக்கிற மனிதர்.

"ஏன் கூப்பிடவில்லை?"

"அவுங்க பேரைச் சொல்ற வழக்கமில்லீங்க."

"சொன்னால் என்ன ஆகும்?"

"வாயில வராதுங்க."

"சின்னண்ணன் என்று வேறு கட்சிக்காரர் யாரையுமே நீ கூப்பிட்டதில்லையா?"

"கூப்புட்டிருக்கனுங்க. அது வேற ஆளுங்க."

கோர்ட்டு முழுவதும் சிரித்தது. முன்சீப்கூட மீசையைத் தடவினார். வக்கீல் சிரிக்கவில்லை. அவர் முன்சீப் பக்கம் திரும்பினார்.

"இந்த ஆள் மனுதாரரின் பண்ணையாள். மனுதாரர் சொல்லிக்கொடுத்து வந்து நிற்கிறான். பெயர் வாயில் வராது என்பது கட்டுக்கதை. இப்போதே வாசலுக்கு அனுப்பிக் கூப்பிடச் சொல்லிப் பார்க்கலாம். வராவிட்டால் நான் உட்கார்ந்துவிடுகிறேன். வந்தால், இன்றைக்கு வந்த பெயர் அன்றைக்கும் வந்திருக்கும். அன்று சொன்னதுதான் உண்மை."

கவுண்டரின் வக்கீல் ஆட்சேபித்தார். முன்சீப் கடிகாரத்தைப் பார்த்தார். "வாசலுக்குப் போ. கூப்பிடு" என்றார்.

பேசியதெல்லாம் பாதி இங்கிலீஷ். தீர்த்தகிரிக்குப் புரிந்தது கடைசி வார்த்தைகள் மட்டும். கொஞ்சம் நின்று யோசிக்கிற மனிதனாக இருந்தால், இப்போது வாய் திறக்காமல் இருப்பதுதான் கவுண்டரைக் காப்பாற்றும் என்று கண்டிருப்பான். ஆனால் பதின்மூன்று வருஷம் வாசலில் நிறுத்தி வைக்கப்பட்டவனுக்கு யோசனை வேறு தடத்தில் போயிற்று. அன்று விட்டுப்போன கூப்பாட்டை இன்று எசமான் கேட்கிறார், கூப்பிட்டு முடித்தால் குறை தீர்ந்துவிடும், தீர்ப்பை அடித்துவிட்டு வழக்கை முதலிலிருந்து எடுப்பார்கள் என்று நினைத்தான். கூப்பிடாததால் வந்த வினை கூப்பிட்டால் போய்விடும் என்பது வாசற்காரனின் நியாயம். கவுண்டரைப் பார்த்தான். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையால் ஒரு ஆளைத் தடுக்க வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் ஆள்தானே.

தீர்த்தகிரி வாசலுக்கு வந்தான். கை தானாக மார்புக்குப் போயிற்று. வில்லை இல்லை. வெறும் சட்டையைப் பிடித்துக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டான்.

"சின்னண்ணன்!"

முதல் தடவை குரல் உடைந்தது. புளியமரத்தடி ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது தடவை சரியாக வந்தது. மூன்றாவது சந்தைப்பேட்டை வரைக்கும் போயிற்று. உண்மையைச் சொன்னால் அந்த மூன்றாவது கூப்பாட்டில் அவனுக்கு ஒரு சுகம் இருந்தது, பிறந்ததிலிருந்து நெஞ்சில் ஏறியிருந்த கல் ஒன்று இறங்கின சுகம். இவ்வளவுதானா இந்தப் பெயர் என்று நினைத்தான். 

உள்ளே வந்தபோது முன்சீப் எழுத ஆரம்பித்திருந்தார். மனுத் தள்ளுபடி. பழைய தீர்ப்பு நிற்கும். சத்தியம் செய்து பொய் சொன்ன டவாலிக்கு அன்றோடு வேலை இல்லை, ஜெயிலுக்கு அனுப்பாததே தயவு. அப்புசாமி தலையைக் குனிந்துகொண்டார். மயில்சாமி தன் வக்கீல் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சின்னண்ண கவுண்டர் தீர்த்தகிரியைத் தாண்டிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் காலைப் பிடித்திருக்கலாம்.

மூன்றாம் நாள் பண்ணையத்து ஆள் குடிசைக்கு வந்து, வெள்ளிக்கிழமைக்குள் காலி பண்ணச் சொன்னான். சோளம் கதிர் பிடிக்கிற பருவம். அறுத்துக்கொண்டு போகட்டுமா என்று சாலம்மாள் கேட்டாள். வாரக்காட்டில் மறுநாள் மாட்டை விட்டு மேய்த்தார்கள்.

கவுண்டரை வீட்டில் போய்ப் பார்க்க முடியாது, விடமாட்டார்கள். கோர்ட்டில் பார்க்கலாம் என்று வியாழக்கிழமை தீர்த்தகிரி ஐந்து மைல் நடந்தான். கவுண்டருக்கு அன்று வேறொரு வழக்கு, வேலித் தகராறு. பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் புளியமரத்தின் அந்தப் பக்கத்தில், ஜனங்களோடு ஜனமாக நின்றான். வாசலில் புது டவாலி, மாதையன் என்று ஆத்தூர்ப் பக்கத்து ஆள். சின்ன வயது, கட்டைக் குரல். பட்டை அவனுக்குத் தொளதொளவென்று தொங்கியது. அவன் ஒரு காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கொட்டாவியோடு கூப்பிட்டான்.

"சின்னண்ணன்! சின்னண்ணன்!"

"வந்துட்டேன், வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டு கவுண்டர் எழுந்தார். மூன்றாவது கூப்பாட்டுக்கு அவசியமில்லாமல் படியேறி, செருப்பைக் கழற்றி, மாதையனைப் பார்த்துத் தலையைக்கூட அசைத்துவிட்டு உள்ளே போனார். அவர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. ஒரு கொசு உட்கார்ந்த அளவுக்குக்கூட இல்லை.  இதற்கா அப்பனும் பாட்டனும் வாயைக் கட்டிக்கொண்டார்கள், இதற்கா தொண்டையில் வந்ததை விழுங்கினோம் என்று தீர்த்தகிரிக்கு வந்த ஆத்திரம் யார்மேல் என்று அவனுக்கே தெரியவில்லை.

கவுண்டர் வெளியே வந்ததும் வழியை மறித்து விழுந்தான்.

"சாமிங்க, எசமான் கூப்புடச் சொன்னாருங்க, கூப்புட்டனுங்க. தெரியாத பண்ணிப்போட்டனுங்க. ரெண்டு பொட்டப்புள்ளைங்களை வெச்சுக்கிட்டு எங்கீங்க போவேன்?"

 கவுண்டர் குரலை உயர்த்தாமலே பேசினார்.

"கெணறு போனது போகட்டும்டா. மேல்கோர்ட்டுல பாத்துக்குவேன். ஊரே கேக்க என்ர பேரைச் சொல்லிக் கத்துனே பாரு, அதை எந்தக் கோர்ட்டுல போய்டா பாக்கறது?"

"இப்ப அந்த ஆளும் கூப்புட்டானுங்களே சாமி."

"அவன் கோர்ட்டாளு. நீ என்ர ஆளு."

வண்டி பூட்டி நின்றது. கவுண்டர் ஏறிக்கொண்டார். மாதையன் வாசலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் சாலம்மாள் அடுப்புக் கல்லைக்கூட விடாமல் மூட்டை கட்டினாள். வெண்ணந்தூரில் அவள் அண்ணன் ஒரு தறிக்காரர் வீட்டுக்கு நூலில் கஞ்சி போட்டுப் பாவு தோய்க்கப் போகிறவன். அங்கே ஒரு தாழ்வாரம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பெண்கள் இருவரும் ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள். தெருவில் ஒருவரும் வெளியே வரவில்லை. மொட்டையனின் பெண்டாட்டி மட்டும் படலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

கூடையைத் தலைக்குத் தூக்கும் முன் சாலம்மாள் நின்றாள். மூன்று நாளாகக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்ததைக் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஏனுங்க, வேலையும் போச்சு, ஊடும் போச்சு. பேரைச் சொல்லாததுக்குப் போச்சுங்களா, சொன்னதுக்குப் போச்சுங்களா?"

தீர்த்தகிரி கூடையை ஒரு கை பிடித்து அவள் தலைமேல் ஏற்றினான்.

"ரெண்டுக்குந்தான்" என்றான். "நட."